மாட்டியாச்சா, இறுக்கியாச்சா?

கேள்வி, நாங்குநேரியிலிருந்து, 2 ஆகஸ்ட் 2025

அண்ணாச்சி, தம்பி பிளஸ் டூ படிக்கிறான். அடுத்து விமானப் பராமரிப்புப் படிப்பில்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அம்மாவுக்குப் பயம், "உன் கைத்தப்பில் நாலு உசுரு போச்சுன்னா?" என்கிறாள். எனக்கு ஒன்று புரியவில்லை. மெக்கானிக் கவனமாக வேலை பார்த்தால் தப்பு எப்படி வரும்? வருகிறதென்றால் ஆள் சரியில்லை என்றுதானே அர்த்தம்? முதல் தப்பிலேயே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் விபத்து குறைந்துவிடும் என்பது என் எண்ணம். நீங்கள் இந்த வேலையில் முப்பது வருஷம் இருந்தவர். சொல்லுங்கள்.

3 ஆகஸ்ட், காலை

உங்கள் எண்ணம் தப்பு. பெரிய விபத்துகளை எடுத்துப் பார்த்தால், கையெழுத்துப் போட்டவர் பெரும்பாலும் அந்த ஹேங்கரிலேயே (விமானத்தை நிறுத்திப் பழுது பார்க்கும் கொட்டகை) நல்ல பெயர் எடுத்தவராக இருப்பார்.

1990 ஜூன் 10. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390. பதினேழாயிரம் அடி தாண்டி ஏறிக்கொண்டிருக்கும்போது கேப்டன் பக்கத்து முன் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் டிம் லங்காஸ்டரை உள்ளிருந்த காற்று அப்படியே வெளியே தள்ளிவிட்டது. உடம்பில் பாதி விமானத்துக்கு மேலே, கால் மட்டும் உள்ளே. பணியாளர்கள் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். துணை விமானி அலஸ்டேர் அட்சிசன் சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள்.

அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டு 27 மணி நேரம்தான் ஆகியிருந்தது. மாற்றியது கற்றுக்குட்டி இல்லை, அந்த ஷிஃப்டின் மேனேஜர். ஆள் பற்றாக்குறை, காலைக்குள் விமானம் வேண்டும், "நானே செய்கிறேன்" என்று இறங்கினார். நேரம் அதிகாலை 3 மணியிலிருந்து 5 மணி. கழற்றிய பழைய போல்ட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனார், அதே மாதிரி வேண்டும் என்று. அங்கே அந்த அளவு போதுமான எண்ணிக்கையில் இல்லை. பிறகு விமான நிலையத்தின் இன்னொரு பக்கம் இருந்த, ஆள் இல்லாத, வெளிச்சம் மட்டான ஒரு அடுக்கில் கண்ணால் ஒத்துப்பார்த்து எடுத்துவந்தார். 90 போல்ட்டும் 0.026 அங்குலம் ஒல்லி. மில்லிமீட்டரில் சொன்னால் 0.66. நம் நகக்கனம்.

அவர் சோம்பேறி இல்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன். சோம்பேறியாக இருந்திருந்தால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று விட்டிருப்பார். விபத்தும் நடந்திருக்காது.

3 ஆகஸ்ட், இரவு

காலையில் எழுதியதில் ஒரு திருத்தம். 90-ம் ஒல்லி இல்லை. 84 போல்ட்டுதான் ஒல்லி. மீதி 6 சரியான பருமன், ஆனால் நீளம் குறைவு.

இன்னொன்றை விட்டுவிட்டேன், அதுதான் முக்கியம். அவர் மாதிரிக்குக் கொண்டுபோன பழைய போல்ட்டே சரியானது இல்லை. வர வேண்டியது 8டி என்ற அளவு. கண்ணாடியில் ஏற்கெனவே இருந்தவற்றில் பெரும்பாலானவை 7டி, நீளம் குறைவானவை. யாரோ எப்போதோ போட்டது, பிடித்துக்கொண்டு இருந்துவிட்டது. ஸ்டோர்காரர் "இந்த வேலைக்கு 8டி போடுவார்களே" என்று சொல்லியும் இருக்கிறார். இவர் நினைத்தது, இத்தனை நாள் இதுதானே தாங்கியது, இதையே போடுவோம் என்று. பாகப் பட்டியலைப் புரட்டிப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும்.

அண்ணன் செய்த தப்பைத் தம்பி நம்பினான், அவ்வளவுதான். பழைய சாமானை மாதிரியாக வைத்துப் புதுசு வாங்காதவன் நம் ஊரில் யார்? மோட்டார் கேஸ்கெட்டை எடுத்துக்கொண்டு வள்ளியூர் பஜாருக்குப் போகாத ஆள் உண்டா? தோட்டத்து மோட்டாருக்கு அது சரி.

6 ஆகஸ்ட்

இங்கே ஒருவர் "பயம் இருந்தால்தான் கவனம் வரும்" என்று எழுதியிருக்கிறார். பயம் இருந்தால் வாய் மூடும். கவனம் வராது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஊரறிந்த சம்பவம். 1996 அக்டோபர் 2, பெரு நாட்டின் லிமா. ஏரோபெரு 603, போயிங் 757. விமானத்தைக் கழுவும்போது பக்கவாட்டில் உள்ள சின்ன ஓட்டைகளுக்குள் தண்ணீர் போகாமல் டேப் ஒட்டினார்கள். காற்றழுத்தத்தை எடுக்கும் ஓட்டைகள் அவை, உயரம் வேகம் எல்லாம் காட்டும் கருவிகள் அதை நம்பித்தான் இருக்கின்றன. கழுவி முடித்த பிறகு டேப்பை யாரும் உரிக்கவில்லை. விமானத்தின் பளபளப்பும் டேப்பின் பளபளப்பும் ஒரே நிறம். நடுராத்திரி தாண்டிப் புறப்பாடு. மேற்பார்வையாளர் கண்ணிலும் படவில்லை, சுற்றிப் பார்த்த விமானி கண்ணிலும் படவில்லை. இருட்டுக் கடலுக்கு மேலே, கருவி ஒன்பதாயிரம் அடிக்கு மேல் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே இறக்கை தண்ணீரில் இடித்தது. 70 பேரும் போனார்கள்.

டேப் ஒட்டிய தொழிலாளிக்குக் கோர்ட்டில் தண்டனை கிடைத்தது. சரி, அதனால் அடுத்த விமானத்தின் டேப் தானாக உரிந்துவிடுமா? அந்த இடத்தில் ஒட்டவேண்டியது கண்ணைக் குத்தும் நிறத்தில், நீளமான சிவப்புக் கொடி தொங்கும் மூடி. யார் மறந்தாலும் எதிரே வருகிறவன் பார்ப்பான். அந்த மூடியை வாங்கிக் கொடுக்காதவர் கையெழுத்து எந்தக் காகிதத்திலும் இருக்காது.

இனி என் கதை. விமானப்படையை விட்டு வந்த பிறகு ஒரு தனியார் பராமரிப்பு ஹேங்கரில் இருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே சாமான் வைக்கும் பலகையில் ஒவ்வொரு சாமானுக்கும் அதன் உருவத்திலேயே குழி வெட்டியிருக்கும். ஷேடோ போர்டு என்போம். விடிகாலை நாலு மணிக்கு எல்லாவற்றையும் அடுக்கும்போது ஒரு குழி காலி. கைப்பிடி வைத்த சின்ன வட்டக் கண்ணாடி, எட்டாத இடத்தைப் பார்ப்பதற்கு. அதைச் சொன்னது பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பையன். ஆறு மணிக்கு விமானம் போக வேண்டும். மேலே இருந்தவர் "வெளியே எங்கேயாவது போட்டிருப்பே, போய்த் தேடு" என்று எரிந்து விழுந்தார். பையன் நகரவில்லை. "சார், நான் கடைசியாக வாலுக்குள்ளேதான் வைத்திருந்தேன்" என்றான். குரல் நடுங்கியது, ஆனாலும் சொன்னான். மூடின பேனலை எல்லாம் திரும்பத் திறந்தோம். வாலுக்குள்ளே, எலிவேட்டர் (விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) கேபிள் ஓடும் கப்பிக்குப் பக்கத்தில், கேபிளைத் தொட்டும் தொடாமலும் சாய்ந்து கிடந்தது. டார்ச் வெளிச்சம் பட்டதும் அந்தக் கண்ணாடி திருப்பி அடித்த வெளிச்சம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். பையனிடம் விளக்கம் கேட்டுக் கடிதம். அதற்கு அடுத்த மாதம் எத்தனை பேர் "ஒன்று குறைகிறது" என்று வாய் திறந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

9 ஆகஸ்ட்

"உங்கள் கையால் தப்பு நடந்ததே இல்லையா" என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்திருக்கிறது.

2006. அதே ஹேங்கர், ராத்திரி ஷிஃப்ட். சக்கரக் கூண்டுக்குள்ளே ஒரு ஹைட்ராலிக் குழாய் மாற்றம். குழாயை இணைக்கும் யூனியன் நட்டைக் கையால் ஓட்டிவிட்டு, டார்க் ரெஞ்ச் (சரியான அளவுக்கு இறுக்கும் ஸ்பானர்) எடுக்கத் திரும்பினேன். அடுத்த விமானத்தில் ஒரு ஜாக்கைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போனேன். பதினைந்து நிமிஷம். திரும்பி வந்தவன் அடுத்த குழாயில் கையை வைத்தேன். முதல் யூனியன் கை இறுக்கத்திலேயே நின்றது. பார்த்தால் இறுகியது மாதிரிதான் இருக்கும், விரலால் அசைத்தாலும் ஆடாது. அதுதான் கொடுமை.

பம்ப் போட்டு அழுத்தம் கொடுக்கும்போது ஊதா நிற எண்ணெய் பீய்ச்சியது. அந்த எண்ணெய் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம். கீழே நின்ற இன்னொருவர் முகத்தை நேரத்துக்குத் திருப்பிக்கொண்டார். நானே போய்ப் பொறியாளரிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அதற்கு முந்தி எங்கே போயிருந்தீங்க?" ஏன் இறுக்கவில்லை என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் ஜாக் விஷயம் வெளியே வந்தது. அதற்குப் பிறகு குழாய் வேலையில் இருக்கிறவனை நடுவில் கூப்பிடக்கூடாது என்று போர்டில் எழுதிவைத்தார்கள்.

கலைந்து போய்விட்டு வந்தால் மூன்று படி பின்னால் போய் ஆரம்பிக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தருவது உண்டு. மூளை எப்போதும் செய்ததை விட ஒரு படி முன்னால்தான் நின்றுகொண்டிருக்கும். பிறகு நான் இதை விட்டதே இல்லை. வீட்டில் கேஸ் ரெகுலேட்டர் மாற்றும்போது போன் வந்தாலும் முதலிலிருந்துதான்.

10 ஆகஸ்ட்

கனடாவில் கோர்டன் டுபாண்ட் என்பவர் 1993-ல் தொகுத்த, பராமரிப்பில் தப்பு நடக்கும் பன்னிரண்டு காரணங்களின் பட்டியல் உலகத்து ஹேங்கர்களில் சுவரொட்டியாகத் தொங்குகிறது. கவனச் சிதறல், அசதி, அவசரம், வாய் திறந்து சொல்லத் தயக்கம் எல்லாம் அதில் உண்டு. அதில் "வழக்கம்" என்ற ஒன்று இருக்கிறது. "எப்பவும் இப்படித்தான் செய்வோம்" என்பது. பன்னிரண்டில் எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்று தம்பி கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

17 ஆகஸ்ட்

ஆடிக் காற்று இன்னும் ஓயவில்லை. பணகுடி, காவல்கிணறு பக்கம் மின்சாரம் எடுக்கும் காற்றாடி எல்லாம் பேய் வேகத்தில் சுற்றுகிறது. விமானத்தை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன், ஆனால் விஷயம் ஒன்றுதான்.

காற்றாடி வேலைக்குப் போகும் பையன்கள் சிலர் என்னிடம் வருவார்கள். காற்று குறைகிற மாதங்களில்தான் அவர்களுக்குப் போல்ட்டு இறுக்கும் வேலை. கோபுரத்தின் ஒரு துண்டும் அடுத்த துண்டும் சேரும் இடத்தில் வட்டமாகப் போல்ட்டு. ஒவ்வொன்றையும் இறுக்கியபின் நட்டிலிருந்து கீழே இரும்பு வரைக்கும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. நட்டு அசைந்தால் கோடு உடைந்து தெரியும். நல்ல ஏற்பாடு. ஒரு நாள் ஒருவன் பேச்சுவாக்கில் சொன்னான், "அண்ணாச்சி, சில சமயம் முதலிலேயே எல்லாவற்றுக்கும் கோடு போட்டுக்கிட்டு, அப்புறம் வரிசையா இறுக்கிட்டு வருவோம், சீக்கிரம் முடியும்." எனக்கு வயிறு கலங்கியது. நடுவில் சாப்பாடு வந்தால் எங்கே விட்டாய் என்று எப்படித் தெரியும்? கோடுதான் சாட்சி, அந்தச் சாட்சியை முன்னாடியே வாங்கிவைத்துவிட்டாயே?

நம் பேச்சில் ஒரு சொல் இருக்கிறது, "மாட்டியாச்சு". கதவுக்கு நாதாங்கி மாட்டியாச்சு, டயர் மாட்டியாச்சு, பேனல் மாட்டியாச்சு. அதில் இறுக்கியது சேர்த்தியா இல்லையா என்று சொல்லுக்குள் இல்லை. சொன்னவன் மனசில் ஒன்று, கேட்டவன் மனசில் வேறொன்று. ஷிஃப்ட் மாறும்போது எங்கள் ஆட்களிடம் இந்தச் சொல்லையே தடை செய்திருந்தேன். "கையால் ஓட்டியாச்சு", "டார்க் பண்ணியாச்சு", "லாக் வயர் (நட்டு கழலாமல் கட்டும் கம்பி) போட்டாச்சு", மூன்றில் ஒன்றைச் சொல். இல்லையென்றால் எழுது.

இதற்கு உயிர்விலை கொடுத்த இடம் அமெரிக்காவின் ஹூஸ்டன். 1991 செப்டம்பர். கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் கம்பெனியின் எம்பிரேர் 120. வால் இறக்கையின் முன் விளிம்பில் பனி உடைக்கும் ரப்பர் உறை மாற்றும் வேலை. மாலை ஷிஃப்டில் வலது, இடது இரண்டு பக்கமும் மேல் திருகுகளைக் கழற்றிவிட்டார்கள். ராத்திரி ஷிஃப்ட் வலது பக்கம் மட்டும் வேலை செய்தது. இடது பக்கம் தொட்டதே அவர்களுக்குத் தெரியாது. கழற்றினவர் வேலை முடிந்து போய்விட்டார், சேதி சரியான ஆளிடம் சேரவில்லை. இடது பக்கம் மேலே 47 திருகு இல்லை. கீழ்த் திருகுகள் இருந்ததால் விளிம்பு தன் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தது. கீழே நின்று பார்த்தால் "மாட்டி"த்தான் இருந்தது! 11-ஆம் தேதி காலையில் ஒரு முறை பறந்து, லரேடோ போய் இறங்கியும் விட்டது. திரும்பி வரும்போது ஈகிள் லேக் பக்கத்தில் ஆகாயத்திலேயே உடைந்தது. 14 பேர்.

விசாரணைக் குழுவில் இருந்த ஜான் லாபர் என்ற உறுப்பினர் மட்டும் மற்றவர்களோடு ஒத்துப்போகாமல், நிர்வாகத்தின் பொறுப்பையும் காரணத்தில் சேர்க்க வேண்டும் என்று தனியாக எழுதினார். அந்த ஒரு மனுஷனை நான் மதிக்கிறேன்.

24 ஆகஸ்ட்

ஒரு வாரமாக மனசு உறுத்துகிறது. 9-ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். "நானே போய்ச் சொன்னேன்" என்று எழுதியிருந்தேன். அது முழு உண்மை இல்லை.

எண்ணெய் பீய்ச்சியபோது எந்த யூனியன் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் சுற்றி நின்றவர்கள் குழாயில் ஓட்டையா, சீல் போய்விட்டதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். புதுக் குழாய் கொண்டுவர ஆள் அனுப்பிவிட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அந்தக் கண்ணாடிப் பையனிடம் விளக்கம் கேட்டுக் கொடுத்த கடிதம்தான் கண்முன் நின்றது. பெண்ணுக்கு அப்போதுதான் வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். வேலை போனால்?

புதுக் குழாய் வந்து, பழைய யூனியனைக் கழற்ற ஸ்பானர் வைத்தவர் "என்ன இது, கை இறுக்கத்துல இருக்கு" என்று சொல்ல வாயெடுக்கும்போதுதான் "நான்தான் சார்" என்றேன். அது போய்ச் சொன்னது ஆகாது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், 6-ஆம் தேதி பயத்தைப் பற்றிப் பெரிதாக எழுதிவிட்டு, பயம் என்னை என்ன செய்தது என்பதை மறைத்துவிட்டேன். இருபது வருஷம் விமானப்படையில் இருந்துவிட்டு வந்த எனக்கே ஒரு மணி நேரம் ஆனது. இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு எவ்வளவு ஆகும்? அந்த ஒரு மணி நேரத்தில் விமானம் மேலே போயிருந்தால்?

பொறியாளர் கேட்ட அந்தக் கேள்வி மட்டும் நான் எழுதினபடியேதான். அவர் என்னைத் திட்டவில்லை. அதனால்தான் ஜாக் கதையைச் சொன்னேன்.

2 செப்டம்பர்

"இரண்டாவது ஆள் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறாரே, அப்புறம் எப்படித் தப்பு தப்பிக்கும்" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இரண்டாவது ஆள் உண்மையிலேயே பார்த்தால் தப்பிக்காது. விமானத்தைத் திருப்பும் கேபிள், தண்டு போன்றவற்றில் கைவைத்தால் வேலை செய்யாத வேறொருவர் பார்த்தாக வேண்டும் என்பது விதி. பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் முன் கண்ணாடி அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அந்த 90 போல்ட்டை இரண்டாவது கண் பார்க்கவே இல்லை.

இன்னொரு ஆபத்து, ஒரே ராத்திரியில் எல்லா எஞ்சினையும் தொடுவது. 1983 மே 5, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 855, மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவின் நசாவ் நகரத்துக்கு. மூன்று எஞ்சின் விமானம். எண்ணெயில் இரும்புத்துகள் இருக்கிறதா என்று பார்க்கும் சின்ன அடைப்பானை மூன்று எஞ்சினிலும் ராத்திரி மாற்றினார்கள். அதில் ரப்பர் வளையம், ஓ ரிங், போட வேண்டும். வழக்கமாக வளையம் மாட்டியே வரும். அன்று வந்ததில் இல்லை. வேலைத்தாளில் "புது வளையம் போடு" என்று தெளிவாக இருந்தது, கையெழுத்தும் இருந்தது. மூன்று எஞ்சினிலும் எண்ணெய் வடிந்து, மூன்றும் நின்றன. 172 பேரோடு விமானம் கடலை நோக்கி இறங்கி, நாலாயிரம் அடியில் ஒரு எஞ்சின் திரும்பப் பிடித்தது. மயாமிக்கே வந்து சேர்ந்தார்கள். மூன்றையும் ஒரே ராத்திரியில் தொடாமல் இருந்திருந்தால் ஒரு எஞ்சினிலாவது வளையம் இருந்திருக்கும்.

என் தாத்தா களக்காட்டுக்கு வாழைத்தார் வண்டி ஓட்டியவர். அச்சில் கடையாணி போடுவது எங்கள் பெரியப்பா வேலை. ஆனாலும் கிளம்புவதற்கு முன் தாத்தா இரண்டு பக்கமும் இறங்கிப் போய், ஆணியின் தலையைப் பெருவிரலால் அழுத்தி, ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். பெரியப்பாவுக்குக் கோபம் வரும், "நான் போட்டது போதாதா?" என்பார். தாத்தா பதில் சொல்ல மாட்டார். மாட்டைத் தட்டுவார். எனக்கு ஏழெட்டு வயது, அப்போது நானும் பெரியப்பா பக்கம்தான்.

14 செப்டம்பர்

தம்பியின் படிப்புக்கு வருகிறேன், அதைத்தானே நீங்கள் முதலில் கேட்டீர்கள். சேரும் கல்லூரிக்கு டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) கொடுக்கும் சிஏஆர் 147 என்ற பராமரிப்புப் பயிற்சி அங்கீகாரம் இருக்கிறதா, எந்தப் பிரிவுக்கு இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். விமானத்தின் உடம்பும் எஞ்சினும் பிடிக்கும் என்றால் பி1 பிரிவு, மின்சாரமும் மின்னணுவும் பிடிக்கும் என்றால் பி2. படித்து முடித்ததும் லைசென்ஸ் கையில் வந்துவிடாது, பரீட்சையும் வேலை அனுபவமும் வேண்டும். இதைச் சொல்லாமல் ஆள் சேர்க்கும் இடத்தை நம்ப வேண்டாம்.

ராத்திரி ஷிஃப்ட் உண்டு என்பதை அம்மாவிடம் ஒளிக்காதீர்கள். ராத்திரி இரண்டிலிருந்து ஆறுவரை உடம்பு தன்னால் மந்தமாகும், யாருக்கும் விதிவிலக்கு இல்லை. அந்த நேரத்தில் நினைவை நம்பாமல் தாளைப் பார்த்து வேலை செய்யப் பழகியவன் பிழைப்பான். உங்கள் அம்மாவின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பயத்தோடுதான் நல்ல மெக்கானிக் ஒவ்வொரு நாளும் பேனலை மூடுகிறான்.

வருகிற ஞாயிறு தம்பியை வள்ளியூருக்கு அனுப்புங்கள். லாக் வயர் ஒரு சுருள், முறுக்குக் கொறடு, பழைய பலகையில் பதித்த போல்ட்டு பன்னிரண்டு வைத்திருக்கிறேன். கம்பி நட்டை இறுகும் பக்கம் இழுக்க வேண்டும், கழலும் பக்கம் இழுக்கக்கூடாது, அதை மட்டும் முதலில் படிக்கட்டும். காலையிலேயே வந்தால் மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம். சாப்பாடு இங்கேதான்.